விமானத்தின் மூக்கைத் திருப்பிய நாள்

1982, ஒரு செவ்வாய்க்கிழமை. காலை 5.50க்குக் கோலாலம்பூர் ரயில் என்னை ஈப்போவில் இறக்கிவிட்டது. இந்த ஊருக்கு வந்தவர்கள் சுண்ணாம்பு மலையையும் குகைக் கோயிலையும் போதுமான அளவு எழுதிவிட்டார்கள். நான் போனது ஒரு தமிழ்ப்பள்ளியின் கொல்லைப்புறத்துக்கு. இயற்கை வர்ணனை வேண்டுமென்றால் வேறு கட்டுரை பாருங்கள்.

நான் பல்கலைக்கழக ஒலி ஆய்வுக்கூடத்தில் டெக்னீஷியன். விமான இன்ஜினின் சத்தம் எந்தப் பக்கம் எவ்வளவு போகும், எப்படிக் குறைக்கலாம் என்று எங்கள் பேராசிரியர் பல மாதம் கணினியில் கணக்குப் போட்டார். அது சரியா என்று நேரில் பார்க்க மட்டும் அவருக்கு நேரமில்லை. ஒலிமானி, ஒலிவாங்கி, டேப் ரிக்கார்டர், முக்காலி எல்லாம் சேர்த்து இருபது கிலோ. தூக்கியவன் நான்.

ஸ்டேஷன் வாசலில் ஒரு பழைய டீசல் டாக்சி. ஓட்டுநர் பெயர் மணியம், முப்பத்தைந்து வயதிருக்கும். விமானத் திடலுக்குப் பின்னால் உள்ள பள்ளி என்றதும் திரும்பிப் பார்த்தார்.

"அங்கதாண்ணே நம்ம வீடு. மக தேவி அந்த ஸ்கூல்லதான் அஞ்சாவது. யாரப் பாக்கணும்?"

"யாரையும் இல்ல. ப்ளேன் சத்தத்த அளக்கணும்."

"அத அளக்கவா இவ்ளோ தூரம் வந்தீங்க? எங்களக் கேட்டா சொல்லிருப்போம்லா, ரொம்ப சத்தம்னு."

நாள் முழுக்க வாடகை இருபத்தைந்து வெள்ளி என்று பேசினோம். ஐந்து கட்டை, அதாவது ஐந்து மைல் தூரம். வழியில் ஒரு கடையில் நிறுத்தி எனக்குத் தோசையும் கோப்பியும் வாங்கிக் கொடுத்தார். நேரமாகிறது என்று கத்தினேன். இன்னொரு தோசை வந்தது.

காலை 7.10. ரப்பர் தோட்டத்தை விற்று மரங்களை வெட்டிவிட்டார்கள். தோட்டத் தொழிலாளர்களின் இரண்டு வரிசை லயத்து வீடுகள், ஒரு மாரியம்மன் கோயில், ஐம்பத்தெட்டுப் பிள்ளைகள் படிக்கும் பள்ளி, இவ்வளவுதான் மிச்சம். வேலிக்கு அப்பால் நானூறு மீட்டரில் விமானம் பழுதுபார்க்கும் கொட்டகை. பழுது பார்த்த விமானத்தை, மூக்கு பள்ளியைப் பார்க்கும்படி நிறுத்தி இன்ஜினை ஓட்டிச் சோதிப்பார்கள்.

"எப்பப் போடுவாங்கன்னு தெரியாது சார்," என்றார் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை லெட்சுமி. "போட்டா நான் வாய மூடிக்குவேன். நின்னதும் முதல்லருந்து ஆரம்பிப்பேன். ரெண்டு மாசத்துல அரசாங்கச் சோதனை. பாடம் பாதி கூட முடியல."

எங்கள் கணக்கு சொன்னது எளிமையானது. இந்த இன்ஜினின் கீச்சு முன்வாய் வழியாகத்தான் அதிகம் வெளியேறுகிறது. மூக்கைப் பழைய ஈயச் சுரங்கக் குளத்துப் பக்கம் திருப்பி, விமானத்தைக் கொட்டகை மறைவில் நிறுத்தினால், பள்ளியில் பதினொரு டெசிபல் குறையும். சுவர் வேண்டாம், புது இன்ஜின் வேண்டாம். ஆனால் தினமும் இழுத்துத் திருப்ப இருபது நிமிட வேலை. அதைச் செய்யச் சொல்ல வேண்டியவர் கொட்டகை இன்ஜினியர் கனகசபை. யாழ்ப்பாணத்துக் குடும்பம், வெள்ளைச் சட்டை, பையில் பென்சில்.

"ரெண்டு ஓட்டம் தாறன் தம்பி. வழக்கமா நிக்கிற மாதிரி ஒண்டு, திருப்பி ஒண்டு. பத்து டெசிபலாவது குறைஞ்சால் நாளைக்கே திருப்புவிப்பன். இல்லாட்டி இந்தக் கதையை இதோட விடவேணும். விளங்குதோ?"

விளங்கியது.

காலை 8.40. வகுப்பறைச் சுவரோரம் ஒலிவாங்கி. முதல் ஓட்டம். கணக்கில் 86, முள் காட்டியது 87. பரவாயில்லை. 9.20, திருப்பி நிறுத்தி இரண்டாவது. கணக்கில் 75, முள் 82.

கனகசபை வேலியோரம் வந்து கேட்டார், சொன்னேன். "அஞ்சுதான். பத்துக்குக் காணாது," என்று போய்விட்டார்.

பேராசிரியரை மனதுக்குள் திட்டிக்கொண்டே டேப்பைப் போட்டுக் கேட்டேன். இன்ஜின் கீச்சுக்கு அடியில் டக டக டக என்று ஒரு தட்டல். எந்த விமானமும் அப்படித் தட்டாது. பள்ளிக் கழிப்பறைக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். மணியத்தின் டாக்சி நின்றது. பானெட் கொதித்தது. மணியம் சிரித்தார்.

"என்னய்யா செஞ்ச?"

"மீட்டர் கொஞ்சம் கூடக் காட்டட்டும்னு மிதிச்சு விட்டேண்ணே. கூட இருந்தாத்தான அவனுங்களுக்கு உறைக்கும்."

"ரெண்டு தடவையுமா?"

"ரெண்டு தடவையும்தான். ஓரவஞ்சன பண்ணல."

நான் சொன்ன சில வார்த்தைகளை அச்சில் போட மாட்டார்கள். பிறகு விளக்கினேன். "முதல் தடவ ப்ளேன் போட்ட சத்தத்துல உன் டீசல் கரைஞ்சு போச்சு. ஒண்ணுதான் ஏறிச்சு. ரெண்டாவது தடவ ப்ளேன் அடங்கினதும் உன் டீசல்தான் மேல கேட்டுது. திருப்பினா பிரயோஜனமில்லன்னு நீயே எழுதிக் குடுத்துட்ட."

அவர் முகம் செத்துவிட்டது. வகுப்பறைப் பக்கம் பார்த்தார். டீசலின் பங்கைத் தோராயமாகக் கழித்து நானே ஒரு எண்ணை எழுதியிருக்கலாம். செய்யவில்லை. ஒரு தடவை மாட்டினால் அப்புறம் எவனும் நம் எண்ணை மதிக்க மாட்டான்.

"நானே போய்ச் சொல்லிர்றேன்," என்றார் மணியம்.

"அந்த ஆளு வெளிய தள்ளுவார்."

"தள்ளட்டும்லா."

காலை 10.15. மணியம் கொட்டகையில் நின்று எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். கனகசபை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"டாக்சி ஓடுறனீர் எண்டால் டாக்சியை ஓடும். என்ர இன்ஜினோட போட்டிக்கு வராதையும். இண்டைக்கு ஏலாது, வேலை கிடக்கு."

பின்னால் மெக்கானிக்குகள் சிரித்தார்கள். மணியம் நகரவில்லை.

"சார், நான் நாலாவதோட நின்னவன். மகளுக்குப் படிப்பு வருது. டீச்சர் பேசறது காதுல விழுந்தாப் போதும் சார், மிச்சத்த அவளே பாத்துக்குவா."

கனகசபை கடிகாரத்தைப் பார்த்தார். வேலைப் பட்டியலைப் பார்த்தார். கையை நீட்டினார். "பன்னிரண்டரைக்கு, திருப்பி வச்சு ஒருக்கா. கார்த் திறப்பு என்ர மேசையில கிடக்கட்டும்."

மணியம் சாவியைக் கொடுத்தார். வேலியோரமாக நடந்தே திரும்பினோம். நான் முக்காலியைச் சரிசெய்வதற்குள் அவர் லயம் முழுக்க ஓடி ரேடியோக்களை நிறுத்தி, ஒரு நாயையும் கட்டச் சொல்லியிருந்தார். எல்லாம் வழக்கம்போல இருக்க வேண்டும் என்று மறுபடி கத்தினேன். ரேடியோக்களைப் போடச் சொல்லித் திரும்ப ஓடினார். இப்படி ஒரு மனிதரோடு எவ்வளவு நேரம் கோபமாக இருப்பது?

பகல் 12.30. முள் 76இல் நின்றது. லெட்சுமி டீச்சர் சொல்வதெழுதுதல் நடத்திக்கொண்டிருந்தார். மணியம் ஜன்னலோரம் நின்று, தேவியின் பென்சில் போவதைப் பார்த்தார். என் காதருகே வந்தார்.

"எப்பண்ணே போடுவாங்க?"

"போட்டு ரெண்டு நிமிஷம் ஆச்சு."

டீச்சர் அடுத்த வாக்கியத்தைச் சொன்னார்.

முதல் ஓட்டத்தில் டீசலுக்காக ஒன்றைக் கழித்தேன், அதைக் கனகசபையிடம் சொல்லியே கழித்தேன். 86, 76. "பத்து எண்டால் பத்துத்தான்," என்று பென்சிலை எடுத்து நாளைய வேலைத்தாளில் குறித்தார்: மூக்கு குளத்துப் பக்கம். சாவியையும் திருப்பிக் கொடுத்தார்.

பிற்பகல் 3.15. ரயில் ஏறினேன். கோலாலம்பூரில் என் வீட்டுக் கூரைக்கு மேல்தான் ஜெட்டுகள் இறங்குகின்றன. அங்கே மொட்டை மாடியில் மூன்று வருடமாக அளக்கிறேன். அந்தப் பெட்டி என்ன என்று ஒரு அண்டைவீட்டானும் கேட்டதில்லை. கெடுக்கக்கூட யாரும் வந்ததில்லை.

அறிக்கையில் மூன்று ஓட்டங்களையும் எழுதினேன். இரண்டாவதற்கு எதிரே, குறிப்புப் பத்தியில்: "ஒலிவாங்கிக்குப் பின்னால் டீசல் டாக்சி. மிதித்தவர் ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தகப்பன்." விஞ்ஞான அறிக்கையில் இதெல்லாம் எதற்கு, அடித்துவிடு என்றார் பேராசிரியர். அடிக்கவில்லை.