துருப் பிடிக்காத டின்கள்

அம்மா ரொட்டி சுடுகிற இரும்பு டின்கள் பன்னிரண்டும் கன்னங்கரேலென்று இருக்கும். பார்க்கிறவர்கள் முகம் சுளிப்பார்கள். அது அழுக்கு இல்லை. எண்ணெய் தடவித் தடவி, அடுப்புச் சூட்டில் வருஷக்கணக்காக ஏறிய படலம். அது இருக்கிறவரை மாவு ஒட்டாது, இரும்பில் துருவும் ஏறாது. பக்கத்து மாணவிகள் விடுதிக்குத் தினமும் காலையில் ரொட்டி போகும். அந்த டின்களை வைத்துத்தான் என்னைப் படிக்க வைத்தாள்.

அப்பா மருந்துக் கம்பெனியில் பாட்டில் சோதிக்கிற வேலை பார்த்தவர். முப்பது வருஷம் ஒவ்வொரு பாட்டிலாக விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடித்துத் தூசு தேடியவர். ஓய்வு பெற்ற பிறகு ஆறு மாதம் ஜன்னலோரம் பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தார். சாப்பிடக்கூட இரண்டு முறை கூப்பிட வேண்டும். ஒருநாள் தானாக எழுந்து போய், கம்பி நாரால் டின்களைத் தேய் தேய் என்று தேய்த்தார். கறுப்பு மொத்தமும் போய்விட்டது.

"இப்பப் பாரு, மூஞ்சி தெரியுது!" என்றார். ஆறு மாதத்தில் அவராக வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

"நல்லா இருக்குங்க," என்று சொல்லிவிட்டாள் அம்மா.

அதோடு அவளுடைய மதியத் தூக்கம் போயிற்று. அவர் ஈரத்தோடு கவிழ்த்து வைத்த டின்களில் மதியத்துக்குள் செம்புள்ளிகள் வந்துவிடும். அவர் கண்ணயர்ந்ததும் இவள் உப்பும் எண்ணெயும் போட்டுத் துருவை எடுத்து, துடைத்து, மறுபடி எண்ணெய் பூசி, அடுப்பில் ஒரு மணி நேரம் வைப்பாள். விடியுமுன் எழுகிறவள். கால் நரம்பெல்லாம் புடைத்துக் கிடக்கும். மறுநாள் அவர் அதையும் தேய்த்து வைப்பார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்பாகிட்ட சொல்லித் தொலையேம்மா!"

"சொன்னா மறுபடி ஜன்னல்ல போய் உக்காந்துடுவாரு. அதைப் பாக்க எனக்குத் தெம்பில்லடி."

கடை கடையாக ஏறி இறங்கினேன். மெல்லிசுத் தகரம் சூட்டில் கோணிக்கொள்ளும். ஒட்டாத பூச்சு போட்டது அப்பா கைக்கு ஒரு வாரம் தாங்காது. கடைசியில் கனமான அலுமினிய டின்களை வாங்கி வந்தேன். எவ்வளவு தேய்த்தாலும் தாங்கும், துரு என்ற பேச்சே இல்லை. அன்று மதியம் அம்மா வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். பார்த்த எனக்கு அழுகை வந்துவிட்டது.

பத்து நாள் போயிருக்கும். அப்பா ஒரு டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல தேய்க்கிறதுக்கு ஒண்ணுமே இல்லையே. சும்மா தண்ணி காட்டினாப் போதும்." கீழே வைத்துவிட்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்தார்.

மறுநாள் மதியம், அவர் தூங்கிய பிறகு, அம்மா, அப்பா தேய்த்த பளபளப்போடே கட்டி வைத்திருந்த பழைய டின்களில் நாலை எடுத்துப் பால்கனியில் வரிசையாக வைத்தாள். ஒரு குவளை உப்புத் தண்ணீரைக் கையில் அள்ளி அள்ளி அவற்றின்மேல் தெளித்தாள். வாழ்நாளெல்லாம் துருவோடு மல்லுக்கட்டியவள்.

"என்னம்மா பண்றே?"

"சாயங்காலம் அவர் எழுந்ததும் சொல்லுவேன், துரு புடிச்சிருக்கு, கொஞ்சம் தேய்ச்சுக் குடுங்கன்னு." கையைத் துடைத்துக்கொண்டாள். "சத்தம் போடாதே. நான் போய்ப் படுக்கணும்."