கோட்டுப் போட்ட துரைராசு

தஞ்சாவூர் பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு வண்டி ஸ்டாண்ட் இருக்கிறது. வருகிற வண்டிக்கு டோக்கன் கிழித்துக் கொடுப்பது தவமணியின் வேலை. காலையில் வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தால் எதிரே நீளமாக ஒரு மதில். 'நோட்டீஸ் ஒட்டாதீர்' என்று அதில் பெரிதாக எழுதியிருக்கும். ஒட்ட வருகிறவன் முதல் நோட்டீஸை அந்த எழுத்தின் மேல்தான் ஒட்டுவான். மூலம் பவுத்திரம், மனை விற்பனை, டியூஷன், கட்சி மாநாடு என்று ஒன்றின் மேல் ஒன்று ஏறி மதிலே தடித்துப் போயிருந்தது. மதிலுக்கு மேலே சட்டம் அடித்து பிளெக்ஸ் பேனர்கள்.

ஊர்ச் சேதியை யாரும் தவமணியிடம் வந்து சொல்ல வேண்டியதில்லை. யார் வீட்டில் காதுகுத்து, யார் பெண் பெரியவளானாள், எந்த வட்டச் செயலாளருக்குப் பிறந்தநாள், எவர் காலமானார் என்பதெல்லாம் உட்கார்ந்த இடத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிடும். தெரிந்துகொண்டு சும்மா இருக்கிற வாயா அது?

"பாருங்க சார், பொண்ணுக்குக் காது குத்துறாங்களாம். அப்பன் கூலிங் கிளாஸ் போட்டுக்கிட்டு ஆளுயரத்துக்கு நிக்கிறான். பொண்ண எங்க போட்டிருக்கான்னு பூதக்கண்ணாடி வச்சுத்தான் தேடணும்" என்பாள். வண்டி விட வந்தவர் அண்ணாந்து பார்த்துச் சிரித்துவிட்டு டோக்கனை மறந்து போய்விடுவார். அவரைத் திரும்பக் கூப்பிட்டு ஒரு திட்டும் சேர்த்துக் கொடுப்பாள்.

இவ்வளவு பேசுகிறவளுக்கு வாய்த்த புருஷன் துரைராசு ஒரு பேனர் பைத்தியம். குட்டியானை ஓட்டிக்கொண்டிருந்தார். சின்னச் சரக்கு வண்டிக்கு ஊரில் அதுதான் பெயர். குட்டியானை ஸ்டாண்டில் யார் வீட்டில் என்ன விசேஷமென்றாலும் நண்பர்கள் சார்பில் ஒரு பேனர் உண்டு. அதன் கீழ்வரிசையில் வட்டவட்டமாக வெட்டி ஒட்டிய தலைகளுக்கு நடுவே துரைராசுவின் தலையும் உண்டு. கல்யாணத்துக்கும் அதே தலை, கருமாதிக்கும் அதே தலை. சும்மா சொல்லக் கூடாது, எல்லாவற்றிலும் ஒரே மாதிரி கைகூப்பியிருப்பார்.

"இந்த மூஞ்சிய ஊரு பாக்கலன்னு இப்ப யாரு அழுதா?" என்று தவமணி கேட்பாள்.

"நீ அங்க எதுத்தாப்புலதான குந்தியிருக்க. நீ பாரு, போதும்" என்பார் அவர். வாய்க்கு வாய் பேச மாட்டார். அதுதான் அவளுக்கு எரிச்சல்.

போன ஆவணியில் டைல்ஸ் இறக்கிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடிக்கிறது என்று வண்டியில் ஏறி உட்கார்ந்தார். ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்தவர் சாய்த்ததுதான். மருத்துவமனைக்குக் கொண்டுபோனது ஒரு மன ஆறுதலுக்குத்தான்.

காரியமெல்லாம் முடிந்து தவமணி மறுபடி வேலைக்கு வந்த அன்று, மதிலுக்கு மேலே துரைராசு நின்றுகொண்டிருந்தார். 'கண்ணீர் அஞ்சலி' என்று போட்டு, ஒரு பக்கம் மெழுகுவத்தி, ஒரு பக்கம் புறா, பின்னால் மறைகிற சூரியன். நடுவில் ஊதா நிறக் கோட்டும் டையும் போட்டுக்கொண்டு துரைராசு. கல்யாணத்துக்குக்கூடக் கோட்டுப் போடாத மனுஷன். குட்டியானை ஸ்டாண்டு ஆட்கள் ஏதோ கிடாவெட்டில் எடுத்த படத்தைக் கொடுத்திருக்கிறார்கள். பிளெக்ஸ் கடைப் பையன் அதிலிருந்து தலையை மட்டும் வெட்டி, கம்ப்யூட்டரில் தயாராக இருந்த ஓர் உடம்பில் பொருத்திவிட்டான். கறிச்சோற்றுக்கு முன்னால் சிரித்த சிரிப்பு அப்படியே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. தன் சாவுக்குத் தானே வாய் கொள்ளாமல் சிரிக்கிறார். கீழே அழவேண்டிய நண்பர்கள் வரிசை. அதில் ஓட்டுநர் சங்கச் செயலாளர் பரணிதரனின் படம் மட்டும் செத்தவர் படத்தில் முக்கால்வாசி இருந்தது.

"கோட்டு ஒரு கேடு" என்று முணுமுணுத்துவிட்டு தவமணி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். அன்று முழுக்க முதுகில் யாரோ பார்க்கிற மாதிரியே இருந்தது. மறுநாள் பழையபடி திருப்பிப் போட்டாள்.

கொஞ்ச நாளில் பழகிவிட்டது. காலையில் வந்ததும் ஒரு பார்வை, சாயங்காலம் போகும்போது ஒரு பார்வை. வெயிலில் ஊதாக் கோட்டு வெளுக்க ஆரம்பித்தது. பிறகு ஒரு நாள் அதே சட்டத்தில் யாரோ ஒரு பெண்ணின் மஞ்சள் நீராட்டு விழா ஏறியிருந்தது. போகிறது, எத்தனை நாளைக்குத்தான் வைத்திருப்பார்கள் என்று நினைத்தாள். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தாள்.

வினை போண்டா வண்டியில் வந்தது. ஒரு சாயங்காலம் கீழவாசல் பக்கம் நின்று போண்டா வாங்கினாள். காற்றில் அடுப்பு அணையாமலிருக்க வண்டிக்காரன் ஒரு பழைய பிளெக்ஸைக் கட்டியிருந்தான். அதுவும் கண்ணீர் அஞ்சலிதான். யாரோ ஒரு வயதான அம்மாள், நெற்றி நிறையத் திருநீறு. எண்ணெய் தெறித்துத் தெறித்து அவளுடைய ஒரு கன்னம் முழுக்கக் கறுத்துப் பிசுக்கேறியிருந்தது. கரண்டியைத் துடைக்க வண்டிக்காரன் அவள் வாயைத்தான் பயன்படுத்தினான். பாவம், அவன் அதை முகம் என்று நினைத்தே பார்த்திருக்க மாட்டான்.

தவமணி கையிலிருந்த போண்டாவைக் கடிக்காமல் அப்படியே வண்டியில் வைத்தாள். துரைராசுவின் முகம் இப்போது எங்கே கிடக்கிறதோ என்ற நினைப்பு பகீரென்று பிடித்துக்கொண்டது.

அதன் பிறகு ஊரெல்லாம் பிளெக்ஸாகவே தெரிந்தது. கரும்புச்சாறு வண்டிக்கு மேலே ஒரு தலைவர். பஞ்சர் கடைக்குப் பின்னால் குளிக்கிற இடத்துக்கு மறைப்பாக ஒரு மணமக்கள். சாக்கடை ஓரம் நாய் படுக்க ஒரு பிளஸ் டூ முதல் மதிப்பெண். ஒவ்வொன்றையும் எட்டிப் பார்த்துவிட்டு, இது அவர் இல்லை என்று மூச்சு விடுவாள். சென்னையில் நர்ஸாக இருக்கும் மகள் கவிப்ரியாவிடம் போனில் சொன்னபோது அவள் அலுத்துக்கொண்டாள்.

"அப்பா படந்தான் போன்ல எத்தனையோ இருக்கேம்மா. அவ்ளோ பெரிய பிளெக்ஸ வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போற? விரிச்சா நம்ம வீடு பத்துமா?"

"நான் விரிச்சுப் பாக்கவாடி கேக்குறேன்? கண்டவன் கால்ல மிதிபடக் கூடாது. மடிச்சுப் பரண்ல போட்டுட்டா எனக்கு நிம்மதி."

பேனருக்குச் சட்டம் அடிக்கிறவன் மருதையன். மரம் பிளெக்ஸ் கடைக்குச் சொந்தம், விசேஷம் முடிந்த பிளெக்ஸ் மட்டும் கழற்றுகிறவனுக்கு. அது அந்தத் தொழிலில் வழக்கம். தவமணி போனபோது அவன் வாயில் ஆணிகளை வைத்துக்கொண்டு சாரத்தில் தொங்கிக்கொண்டிருந்தான். அவள் கேட்டதைக் கேட்டு ஆணிகளைக் கையில் துப்பினான்.

"யக்கா, அது போயிடுச்சேக்கா. மழக் காலம் வருது, நெல்லு மூட எதுனா குடுன்னு எம் மச்சான் கேட்டாரு. இருந்ததெல்லாம் சுருட்டி பஸ்ல ஏத்தி வுட்டுட்டேன். குடவாசலுக்குப் பக்கம், இராஜாங்கம்னு பேரு. கொள்முதல் நிலையத்துல நெல்லக் கொட்டிட்டுக் காவ கெடக்குறாரு."

"எம் புருசன நெல்லுக்குப் போத்தியிருக்கியா நீ?"

"எல்லாரு புருசனையுந்தாங்க்கா போத்தியிருக்கு" என்றான் மருதையன். கிண்டலாகச் சொல்லவில்லை. உள்ளதைத்தான் சொன்னான்.

மறுநாளே தவமணி லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினாள். கும்பகோணத்தில் இறங்கி வேறு பஸ் பிடித்தாள். வழியெல்லாம் குறுவை அறுவடை. சேற்றுக்குப் பயந்து அறுப்பு இயந்திரங்கள் அவசர அவசரமாக ஓடிக்கொண்டிருந்தன. வானம் மூட்டம் போட்டிருந்தது. மடியில் ஒரு பெரிய கட்டைப் பையை மடித்து வைத்திருந்தாள். அவரை அதில் போட்டுத்தான் எடுத்து வரவேண்டும்.

கொள்முதல் நிலையத்துக்கு முன்னால் பெரிய திடல். மூட்டை பிடிக்கத் தங்கள் முறை வரும்வரை ஆட்கள் நெல்லைக் குவித்துவிட்டுக் காத்திருந்தார்கள். படுதா இருந்தவர்கள் படுதா போட்டிருந்தார்கள். மீதிக் குவியலெல்லாம் பிளெக்ஸ். தஞ்சாவூரின் ஒரு வருஷத்து விசேஷம் மொத்தமும் அங்கே வந்து படுத்துக் கிடந்தது. ஒரு தலைவரின் கன்னத்தில் செங்கல். மணமக்களின் காலடியில் டயர். அந்தக் கூலிங் கிளாஸ் அப்பனும் இருந்தான், தவமணிக்கு அடையாளம் தெரிந்தது. அவன் மேல் ஒரு ஆடு ஏறி நின்றது.

இராஜாங்கம் தலையில் துண்டோடு ஒரு குவியலின் ஓரத்தில் குந்தியிருந்தார். ஒல்லியான ஆள். குத்தகை நிலம், ஒரே குவியல். தவமணி யாரென்று சொன்னதும் எழுந்து துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"எது அவரு?" என்று கேட்டாள்.

இராஜாங்கம் தன் குவியலைக் காட்டினார். மேலே வெறும் வெள்ளை. "மூஞ்சி தெரிய போடலங்கம்மா. எறந்தவங்க படம், நெல்லு மேல விரிச்சா பாக்குறவங்க ஒரு மாதிரி பேசுவாங்க. அதான் கவுத்துப் போட்டுட்டேன்."

"நான் எடுத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

அவர் வானத்தை ஒரு தரம் பார்த்தார். கிழக்கே கறுத்துக்கொண்டு வந்தது. "எடுத்துக்குங்க. உங்க வீட்டுக்காரரு, நான் வேணாம்னு சொல்ல முடியுங்களா?" என்று சொல்லிவிட்டு ஓரத்துக் கற்களை ஒவ்வொன்றாகப் புரட்ட ஆரம்பித்தார். சண்டைக்குத் தயாராக வந்த தவமணிக்கு அது ஒரு மாதிரியாகப் போய்விட்டது.

"நீங்க எதப் போட்டு மூடுவீங்க?"

"மத்ததெல்லாம் பக்கத்துல உள்ளவங்களுக்குக் குடுத்தாச்சும்மா. பாப்போம்."

"நனஞ்சா?"

"ஈரம் கூடிட்டா தள்ளி வச்சுருவாங்க. ரெண்டு நாளு கெடந்தா மொளச்சுரும். வேறென்ன." நாளைக்குச் சந்தை உண்டா இல்லையா என்று கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல அவர் சொன்னார்.

இரண்டு பேருமாகச் சேர்ந்து பிளெக்ஸைத் தூக்கிப் புரட்டினார்கள். உள்ளே இருந்த நெல்லின் சூடு கையில் பட்டது. குப்பென்று தூசி கிளம்பியது. துரைராசு சிரித்துக்கொண்டிருந்தார். புருவத்தில், மூக்கில், பல்வரிசையில் எல்லாம் பதரும் சுணையும் அப்பியிருந்தன. தவமணி குனிந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். கண்ணோரத்தில் ஒட்டியிருந்ததை நகத்தால் எடுத்தாள். வெயில் பட்டு வெளுத்திருந்தது, அவ்வளவுதான். முகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

காற்று சுழன்று அடித்தது. திடலில் ஆட்கள் கூச்சல் போட்டுக்கொண்டு ஓடினார்கள். இராஜாங்கம் ஓடவில்லை. ஓடி எடுக்க அவரிடம் ஒன்றுமில்லை. மூடாத தன் நெல்லையும் அவள் கையிலிருந்த கட்டைப் பையையும் பார்த்துக்கொண்டு நின்றார். முதல் தூறல் நெல்லின் மேல் பொட்டுப் பொட்டாக விழுந்தது.

தவமணி பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். "நிக்கிறீங்களே, அந்த முனையப் புடிங்க" என்று அதட்டினாள்.

அவர் ஓடிவந்து பிடித்தார். இரண்டு பேரும் குவியலின் மேல் இழுத்தார்கள். பாதி வந்ததும் அவர் வழக்கம்போல மறுபக்கம் புரட்டப் போனார்.

"கவுக்காதீங்க!"

"ஏங்கம்மா? பாக்குறவங்க..."

"பாத்தா பாத்துட்டுப் போறாங்க. அவருக்கு நெல்லுத் தூசி ஆகாது. ஒரு லோடு அடிச்சுட்டு வந்தா விடிய விடியத் தும்முவாரு. நெஞ்சத் தேச்சு விட்டுக்கிட்டே ஒக்காந்திருப்பேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவள் காதிலேயே விழுந்தது. பிளெக்ஸின் முனையைப் பிடித்தபடியே அழுதாள். சாவு வீட்டில் பத்துப் பேரோடு சேர்ந்து அவளும் அழுதிருந்தாள்தான். இது அந்த அழுகை இல்லை. வாய்விட்டு, மூக்கு ஒழுக, யார் பார்த்தால் என்ன என்று அழுதாள். அந்த மனுஷன் இனி தும்மப் போவதில்லை.

இராஜாங்கம் துரைராசுவின் முகம் மேலே இருக்கும்படி நான்கு பக்கமும் இழுத்துவிட்டு, ஓரங்களில் மட்டும் கற்களை வைத்தார். மழை பிடித்துக்கொண்டது.