சுங்காய்க்குப் போகும் ஐந்து தமனிகள்

ஈப்போ, குனோங் ராபாட்டில் எங்கள் வாடகை வீட்டுக் கூடத்தில் அன்று இருந்தவர்கள் என்னோடு மருத்துவம் படிக்கும் இருவர்: வக்கீல் மகன், பல் டாக்டர் மகன். நான் இல்லை. மூவருக்கும் ரொட்டி சானாய் வாங்கிவர என்னை அனுப்பியிருந்தார்கள். சுவரில் நான் ஒட்டிய தாள் மட்டும் அங்கே இருந்தது. மறுநாள் வாய்மொழித் தேர்வு.

டான்சிலுக்கு இரத்தம் கொண்டுவருபவை ஐந்து தமனிகள். எத்தனை முறை படித்தாலும் எனக்குத் தங்கவில்லை. ஈப்போவிலிருந்து எங்கள் ஊருக்குப் போகும் பஸ்ஸில் அவற்றை ஏற்றி, ஊருக்கு ஒன்றாக இறக்கிவிட்டேன்: கோப்பெங், கம்பார், தாப்பா, பீடோர், சுங்காய். நாக்குத் தமனியின் கிளை கோப்பெங்கில் இறங்கியது. முக்கியமானது முகத் தமனியின் கிளை; அதைக் கடைசி நிறுத்தமான சுங்காய்க்கு, எங்கள் எஸ்டேட் வீட்டுக்கே கொண்டுபோனேன்.

தாளை முதலில் பார்த்தபோது வக்கீல் மகன் சிரித்தான்.

"ஓய் எஸ்டேட்டு, டாக்டருக்குப் படிக்கிறியா, பஸ்ஸுல டிக்கெட் கிழிக்கப் போறியா?"

தேர்வுக்கு இரண்டு வாரம் முன், சீனியர் கொடுத்த பழைய கேள்விகளைப் பல் டாக்டர் மகனிடம் கேட்டேன். "சாரி லா மச்சான், அது எங்க குரூப்புக்கு மட்டும்."

தோற்றால் என் உதவித்தொகை நின்றுவிடும். அம்மா கையுறைத் தொழிற்சாலையில் நின்று வேலை செய்கிறார். எங்கள் வீட்டில் பள்ளிக் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம் தாண்டியவன் நான் ஒருவன்தான்.

ரொட்டியோடு திரும்பியபோது ஜன்னல் வழியே பார்த்தேன். வக்கீல் மகன் தாளைப் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

"சீக்கிரம் லா, வாரான்!" என்றான் பல் டாக்டர் மகன்.

ஐந்தில் எது முக்கியமானது என்று தாளில் நான் எழுதவில்லை. எனக்கு அது தேவைப்படவில்லை. அப்போதே சொல்லியிருக்கலாம். ரொட்டியைத் தட்டில் வைத்தேன்.

"என்னடா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?" என்றான் வக்கீல் மகன்.

"பசி லா."

தேர்வில் எல்லாரிடமும் ஒரே கேள்வி: டான்சிலின் தமனிகளில் முக்கியமானது எது, மற்றவை எவை? இருவரும் கோப்பெங்கிலிருந்து, நாக்குத் தமனியின் கிளையே முக்கியமானது என்று தொடங்கியிருக்கிறார்கள், தாளில் இருந்த வரிசை மாறாமல். ஒரே பிழையை இருவர் வாயிலும் கேட்ட தேர்வாளர், அதன்பின் எதையும் எளிதாகக் கேட்கவில்லை. நான் சுங்காயிலிருந்து தொடங்கினேன்.

வெளியே பல் டாக்டர் மகன் என் சட்டையைப் பிடித்தான். "மேல இருக்கறதுதானே பெருசு? ஏன்டா சொல்லல?"

இரண்டு வாரமாக வாய்க்குள் வைத்திருந்ததைச் சொன்னேன். "சாரி லா மச்சான், அது எஸ்டேட் குரூப்புக்கு மட்டும்."

இன்றுவரை எனக்கு வருத்தமில்லை. தோற்றவர்களுக்கு மறுதேர்வுக் கட்டணம் ஆளுக்கு ஆயிரத்து இருநூறு மலேசிய வெள்ளி. இருவருக்கும் சேர்த்து இரண்டாயிரத்து நானூறு.