லன்ச் ஷீட்டும் பீலித் தண்ணீரும்

படிப்பு எனக்குக் கையெழுத்தோடு நின்றுவிட்டது. வாய் நிற்கவில்லை. கஹவத்தைப் பக்கம் றப்பர் தோட்டத்தில் பால் வெட்டி ஓய்ந்தவள் நான்.

அந்தக் காலத்தில் ரேடியோவில் ஓயாமல் சொல்வார்கள், பொலித்தீனைக் குறையுங்கள், நாட்டைக் காப்பாற்றுங்கள் என்று. சொல்லி வாய் மூடுவதற்குள் ஷாம்பூ பக்கெட் விளம்பரம் வந்துவிடும். டவுனில் வெற்றிலை வாங்கினாலும் சிலிசிலி பேக்கில் போட்டுத்தான் தருவார்கள். டவுன் குப்பையை அள்ள டிராக்டர் உண்டு. எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு எது வந்தது? ஆனால் லயத்து ஆட்கள் சுத்தமில்லை என்ற பேர் மட்டும் தவறாமல் வந்தது.

எங்களுக்குக் குடிக்கிற தண்ணீர் ஒரே பீலியில்தான். மலையிலிருந்து கான் என்கிற சின்ன வாய்க்காலில் ஓடிவந்து குழாய் வழியாக விழும். அம்மன் கோயில் அந்தக் கானுக்கு மேலே. திருவிழாச் சாப்பாட்டுக்கு எப்போதும் காட்டிலிருந்து அகலமான கெந்த இலை வெட்டி வருவோம். ஒரு வருஷம் தோட்டத் தலைவர் இலைக்குப் பதிலாக லன்ச் ஷீட் என்கிற மெல்லிய பொலித்தீன் தாளை டவுனிலிருந்து இறக்கினார். தின்றுபோட்ட ஷீட்டெல்லாம் மழையில் கானுக்குள் இறங்கிப் பீலியை அடைத்தது. அடைப்பைக் குத்திவிட்டபின் வந்த தண்ணீரில் ஊசிப்போன சாம்பார் வாடை. லயமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தது.

அடுத்த திருவிழாவுக்கும் ஷீட் கட்டு வந்திறங்கியது. நேரே போய்க் கேட்டேன்.

“ஏன் தலைவரே, கெந்த மரமெல்லாம் செத்துப்போச்சா?”

“பக்கத்து தோட்டமெல்லாம் ஷீட்டுக்கு மாறிட்டாங்க அக்கா. நாம மட்டும் இலைய வச்சா டவுன் ஆளுங்க சிரிப்பாங்க.”

“போன வருஷம் பேதில ஓடுனமே, அப்ப யாரு சிரிச்சா?”

“அத பொறவு பாப்போம். நீங்க உக்காந்து சாப்புடுங்க.”

நான் உட்காரவில்லை. பந்தி நடக்கும்போதே உரச்சாக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு பீலிக்கு இறங்கினேன். கை கழுவ எல்லாரும் அங்கே வந்துதானே ஆகவேண்டும். தண்ணீர் விழுகிற கல்லிலேயே சம்மணம் போட்டுவிட்டேன்.

முதலில் வந்தவள் என் மருமகள், வெறுங்கையோடு.

“தின்ன ஷீட்ட கொண்டாந்து சாக்குல போடு. பொறவு கைய நீட்டு.”

“மாமி, கையில கொழம்பு காயுது.”

“காயட்டும். நக்கிக்கிட்டே போயி எடுத்துட்டு வா.”

பின்னால் நின்ற கொழுந்தன், “மதினி பீலிய குத்தகைக்கு எடுத்துட்டாங்கப்பா” என்றான். சிரித்தார்கள், சிரித்துக்கொண்டே மேலே ஏறிப் போய் அவரவர் ஷீட்டைக் கொண்டுவந்தார்கள். தலைவரும் வேட்டியில் படாமல் கையைத் தூக்கிப் பிடித்தபடி வந்தார்.

“எனக்குமா அக்கா?”

“ஒங்களுக்குத்தான் மொதல்ல.”

சாக்கு நிறைந்தது. வாயைக் கட்டி, தூக்கிக்கொண்டு போய்த் தலைவர் வீட்டு வாசலில் வைத்தேன்.

“இத வச்சு நான் என்ன செய்யிறது?”

“லயத்துக்கு வந்து அள்ளுறதுக்கு ஆரு இருக்கா? கொண்டாந்தவரு நீங்க. டவுனுக்கே கொண்டுபோங்க.”

சாக்கு அங்கேயே கிடந்தது. நாய் இழுத்தது, ஈ மொய்த்தது, அவர் சம்சாரம் கத்தினாள். கடைசியில் தோட்டத்து லொறியில் அவரே ஏற்றிக்கொண்டு போனார். அதற்குப்பின் என்னோடு பேச்சில்லை. எனக்கும் அதில் ஒரு குறையுமில்லை.

மறுவருஷத் திருவிழாவுக்கு முதல்நாள், தோளில் கெந்த இலைக் கட்டோடு என் வாசலைத் தாண்டிப் போனார். திரும்பிப் பார்க்கவில்லை.

“கிழிஞ்ச இலைய ஒதுக்கிருங்க தலைவரே” என்றேன்.

பந்தியில் அவர் கையாலேயே எனக்கு இலை போட்டார். நடுவில் கிழிந்தது. வேண்டுமென்றேதான். ரசம் ஒழுக ஒழுக உட்கார்ந்து சாப்பிட்டேன்.