எங்கள் கிளப்பில் ஆட எந்த ஊர்க்காரனாக இருக்க வேண்டும்?

ராஜபாளையத்தில் பாஸ்கெட்பால் போட்டி என்றால் ஊரே திரண்டு வரும். வந்து, எங்கள் கிளப் வருடா வருடம் காலிறுதியில் தோற்பதைப் பார்த்துவிட்டுப் போகும்.

நேற்றும் தோற்றோம், ஸ்ரீவில்லிபுத்தூர் டீமிடம். அவர்கள் எல்லோரும் உள்ளூர்ப் பையன்கள். போன வருடம் முதல் ரவுண்டிலேயே வெளியேறிய அதே பையன்கள்.

எங்கள் பக்கம் ஆடிய ஐந்து பேரும் போட்டிக்காக வெளியூரிலிருந்து வரவழைத்த கெஸ்ட் பிளேயர்கள். வருடம் முழுக்க விடியற்காலையில் பிராக்டிஸ் செய்யும் நாங்கள் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டில் நீட்டினோம். வந்தவர்களைக் குறை சொல்லவில்லை. முந்தின நாள்தான் அறிமுகமானவர்கள் எப்படி ஒருவரையொருவர் நம்பி பாஸ் போடுவார்கள்?

இன்று காலை டீக்கடையில் கிளப் செயலாளரிடம் கேட்டே விட்டேன்.

"அண்ணாச்சி, அடுத்த வருசமாவது எங்கள இறக்குங்க. மொத ரவுண்டுல தோத்தாலும் பரவாயில்ல. சேந்து ஆடுனாத்தான பொறவு டீம் உருப்படும்?"

"மொத ரவுண்டுல தோத்தா ஊருக்குள்ள தலகாட்ட முடியுமால? இன்னும் உயரமா ரெண்டு பேரக் கூட்டியாருவோம்."

"அப்ப நாங்க?"

டீயை ஆற்றிக்கொண்டே சிரித்தார்.

"நீ நம்ம வீட்டுப் பிள்ள. நீ எங்கல போயிரப் போற?"

வந்த ஆத்திரத்தில் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

அடுத்த வருடம் எங்கள் கிளப்புக்கு கெஸ்ட் பிளேயராக வருவதாக முடிவு செய்திருக்கிறேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் வாடகைக்கு வீடு இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள்.