விருந்தாளி அணிக்கு ஆடிய மாலை

தொண்ணூறுகளின் நடுவில் சென்னையில் பெண்களுக்கான கால்பந்துப் போட்டி ஒன்று நடந்தது. அழைப்பின் பேரில் வெளிநாட்டு அணிகள் வந்திருந்தன. கல்லூரி அணியில் ஆடிக்கொண்டிருந்த எங்களுக்கு அதில் இடமில்லை. ஆனால் போட்டிக்கு முன்னால், ஓர் ஐரோப்பிய அணியோடு அடையாறு மைதானம் ஒன்றில் பயிற்சி ஆட்டம் ஆடக் கூப்பிட்டார்கள்.

மயிலாப்பூரில் எங்கள் வீட்டில் என் விளையாட்டைப் பற்றி அப்பா பேசவே மாட்டார். நான் அரைக்கால் சட்டை போட்டு ஆடத் தொடங்கியதிலிருந்து அப்படித்தான். அன்று அம்மா மட்டும், "நானும் வரேன். என்னதான் ஆடறேள்னு பார்த்துடறேன்" என்று கிளம்பிவிட்டாள்.

போனால், அந்த ஐரோப்பிய அணியில் பலருக்கு வயிற்றுக் கோளாறு. ஆடுவதற்குப் பதினோரு பேர் சேரவில்லை. எங்கள் பயிற்சியாளர் என்னைப் பார்த்துக் கை காட்டினார்.

"நீ அவங்க பக்கம் ஆடு."

அவர்கள் கொடுத்த நீலச் சட்டை எனக்குத் தொடை வரை தொங்கியது. எங்கள் கோல்கீப்பர், பட்டினப்பாக்கத்து மீனவர் வீட்டுப் பெண், என் நெருங்கிய தோழி. கோலிலிருந்தே கத்தினாள்: "இன்னாடி, ஃபாரின்காரி ஆயிட்டியா? இந்தாண்ட வா, வச்சிக்கிறேன்!"

முதலில் பந்து என்னிடம் வரவே இல்லை. பிறகு அவர்கள் கேப்டன் ஒருமுறை என் பக்கம் தட்டிவிட்டாள். நிறுத்தாமல் திருப்பி அனுப்பினேன். அவள் சிரித்தாள். அதற்கப்புறம் பந்து வந்துகொண்டே இருந்தது. எங்கள் கல்லூரி அணியில் பந்து கிடைத்தால் விடமாட்டோம். இவர்களோ கொடுத்துவிட்டு ஓடினார்கள், மறுபடி வாங்கிக்கொள்ள. மொழி தெரியாமலே நானும் ஓடினேன்.

இடைவேளைக்குப் பிறகு கோலுக்கு நேராக என் காலில் பந்து. ஓங்கி அடித்தேன். தோழி பக்கவாட்டில் பாய்ந்து, விரல்நுனியால் வெளியே தள்ளினாள்.

"உன் ஷாட்டு எனக்குத் தெரியாதா?" என்று மண்ணைத் தட்டிக்கொண்டே எழுந்தாள். நீலச் சட்டைக்காரர்கள் எல்லோரும் கை தட்டினார்கள். ஆட்டத்தில் எங்கள் கல்லூரி தோற்றது. ஆனால் அந்த அணி ஊரில் இருக்கும்வரை காலைப் பயிற்சிக்கு வரும்படி என் தோழியைக் கேட்டுக்கொண்டார்கள்.

திரும்பும் பஸ்ஸில், லஸ் தாண்டியதும் அம்மா சொன்னாள்: "அந்தப் பொண்ணு பாயறச்சே எனக்கு மூச்சே நின்னுடுத்து. ஆனா நீ இன்னொரு பக்கமா அடிச்சிருக்கணும்டி."

வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம், "அந்த ஃபுட்பால் போட்டியைப் பார்க்க நாம ரெண்டு பேரும் போறோம்" என்றாள்.

அப்பா பேப்பரை மடித்தார். "எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.