மணியம் அண்ணனின் சட்டிகளுக்குக் கீழே இருந்த வரி

மணியம் அண்ணன் வரைந்த படங்களின் அடிப்பகுதியை வெட்டி எறிந்துவிட்டார்கள்.

அண்ணன் இன்று காலை ஜெராம் ஊரில், தன் வீட்டில் இறந்துவிட்டார். மாரடைப்பு.

நான் செம்பனை எண்ணெய் ஆலையில் எடை போடும் கிளார்க். அண்ணன் தோட்டத்திலிருந்து செம்பனைக் குலை ஏற்றிவரும் லோரி டிரைவர். எடைக்கு வரிசையில் நிற்கும்போது ஸ்டியரிங்மேல் அட்டையை வைத்து வாட்டர்கலரில் வரைவார். மண் சட்டி, பானை, அடுப்பு... வேறெதுவும் இல்லை.

நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளை, லயத்தை, உடைக்கப்போவதாக எங்கள் தோட்டத்துக்கு நோட்டீஸ் வந்த வாரம் இதைத் தொடங்கினார். வீடு வீடாகப் போனார்.

பாக்கியம் அக்கா வீட்டுக்கு நானும் போனேன். வரைய வருகிறார் என்று தெரிந்ததும் அக்கா மீன் சட்டியைத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்து வைத்திருந்தார். எல்லா வீட்டிலும் இதே கதைதான்.

“கரி எங்கக்கா?” என்றார் அண்ணன்.

“அழுக்குச் சட்டியவா வரைவ? என் மானம் போயிரும்லா.”

“கரி இல்லன்னா அது கடைச் சட்டி. உன் சட்டி இல்ல.”

“அப்ப அடுத்த வாரம் வா. கொழம்பு வெச்சு கரியாக்கி வெக்கிறேன். அதையும் தின்னுட்டுப் போ.”

போனோம். தின்றோம். படத்தில் கரிக்கு மட்டும் அண்ணன் காயவிட்டுக் காயவிட்டு ஐந்து முறை கறுப்பு ஏற்றினார். விளிம்பில் இருந்த உடைசலையும் விடவில்லை.

கீழே பென்சிலில் எழுதினார்: பாக்கியம், நாலாவது லயம், ஏழாம் நம்பர் வீடு.

லயம் போய்விட்டது. அங்கே வீடு கட்டி விற்கும் கம்பெனி, கண்காட்சிக்கு என்று சொல்லிப் படங்களை வாங்கிப் போனது. போய்ப் பார்த்தோம். சேல்ஸ் ஆபீஸ் சுவரில் அழகான ஃபிரேம்கள்... பென்சில் வரி ஒன்றில்கூட இல்லை.

“எழுத்து எங்கம்மா?” என்று கவுண்டரில் இருந்த பெண்ணைக் கேட்டார்.

“ஃபிரேமுக்குப் பெருசா இருந்துச்சு அங்கிள். வெட்டிட்டாங்க.”

லோரியில் ஏறியதும் அண்ணன் சொன்னார். “சட்டி இருக்கு. ஆளக் காணோம் பாரு.”

பெயர்களைத் திரும்ப எழுத வேண்டும் என்று படங்களைக் கேட்டுப் பலமுறை போனார். மேனேஜர் எப்போதும் மீட்டிங்கில்.

இப்போது பாக்கியம் அக்கா அண்ணனின் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கிறார். நாளை மதியம் எடுக்கிறோம்.

போய் வாங்க அண்ணே.

மேனேஜருக்குக் காலையிலிருந்து மூன்று மெசேஜ் அனுப்பினேன். மூன்றையும் படித்துவிட்டார். பதில் இல்லை. அதனால் இந்தப் பதிவிலும் அவரைக் கேட்கிறேன்.

நாளை லயத்து ஆட்கள் எல்லோரும் வருவார்கள். அவரவர் சட்டி அவரவருக்குத் தெரியும். படங்களைக் கொண்டுவாருங்கள். பென்சில் எங்களிடம் இருக்கிறது.